கண்மாய்க்கரையில் உட்கார்ந்தே கடலைப் படிக்கலாம்



சமீபத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு கட்டி, வரவு செலவு வாசித்து, கடன் கேட்டவர்களுக்குத் தீர்மானம் எழுதி முடித்தாயிற்று. எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஒரு உறுப்பினர் மெதுவாக ஆரம்பித்தார்.

"எம்மக பன்னெண்டாவது படிக்கிறா. ராத்திரியானா போனும் கையுமா கெடக்கா. என்னத்தா பாக்குறேன்னு வாங்கிப் பாத்தா, கடலுக்கு அடியில வெளக்கப் போட்டுக்கிட்டு என்னமோ ஓடுது. மீனுங்குறா, நச்சத்திரங்குறா. கேட்டா, நான் கடல் படிப்பு படிக்கப் போறேங்குறா. நான் என்ன செய்ய?"

பக்கத்தில் இருந்த மதினி விடவில்லை. "நம்ம ஊருல கம்மாயே வத்திக் கெடக்கு. நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நாம் பதிலே சொல்லவில்லை. அந்தப் பெண் பார்ப்பது வெட்டிப் பொழுதா, படிப்பா? கடலோரத்தில் இல்லாத நமக்கு அது எதற்கு? செல்போனில் அதை நம்பிக்கையாக எப்படிப் படிப்பது? அந்த அம்மாவுக்கும், அதே கேள்வி மனதில் உள்ள மற்றவர்களுக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரையிலிருந்து கடல் நெடுந்தூரம். வைகை ஆறுகூட கடலைத் தேடிப் போகும் வழியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கிவிடுகிறது. மிச்சத் தண்ணீர் இருந்தால்தான் ஆற்றங்கரை வரை போய்க் கடலைத் தொடும். ஆனால் நாம் கடலைத் தேடிப் போகாவிட்டாலும் கடல் நம்மைத் தேடி வருகிறது. எப்படி? மழையாக.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்கிற மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. கடல் நீர் வெயிலில் சூடாகி ஆவியாகும். அந்த ஈரத்தை வடகிழக்குக் காற்று அள்ளிக்கொண்டு வந்து நம் நிலத்தில் கொட்டுகிறது. நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்குப் பக்கம் இந்த மூன்று மாத மழைதான்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வேறு கணக்கு. 1895 முதல் அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்க வழியாக வைகைப் பக்கம் வருகிறது. அந்த அணைக்கு நீர் தருவதில் பெரிய பங்கு தென்மேற்குப் பருவமழைக்கு. அது அரபிக்கடல் பக்கத்துக் காற்று கொண்டு வரும் மழை. அப்படிப் பார்த்தால், ஒருபோகமோ இருபோகமோ நாம் விளைவிக்கும் நெல்லுக்கு இரண்டு கடலும் தண்ணீர் கட்டுகின்றன.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை நம்மைக் கைவிட்டது நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் வழக்கமாகப் பெய்வதைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு 2015இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இப்படி மாறி மாறி வருவதற்குக் காரணம் தேடுகிற விஞ்ஞானிகள் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, கடல் நீரின் சூட்டை. எங்கோ பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பக்கம் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டால், பெரும்பாலும் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை இளைத்துப் போகிறது. இதைத்தான் செய்தியில் 'எல் நினோ' என்கிறார்கள்.

கடலின் சூட்டை எப்படி அளப்பது? உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைக் கருவிகள் திரிந்துகொண்டிருக்கின்றன. 'ஆர்கோ' என்று பெயர். ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்தபடி இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறி வரும்போது ஒவ்வொரு ஆழத்திலும் சூட்டையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி இறங்கிவிடும். ஆள் இல்லை, படகு இல்லை. நம் நாட்டின் மிதவைகளும் அதில் உண்டு. அந்தக் கணக்கு முழுவதும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது.

தெரியாததால் போன உயிர்கள்

கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுப் பக்கம் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஏற்பாடும் இல்லை. 'சுனாமி' என்ற சொல்லையே அன்றைக்குத்தான் பலர் முதல்முறை கேட்டோம். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். மீனவக் குடும்பங்கள் மட்டுமல்ல. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் வேண்டுதலுக்காக வெளியூரிலிருந்து வந்த யாத்திரிகர்கள் பலரும் அலையில் போனார்கள். நம்மைப் போல, கடலை எப்போதாவது பார்க்கிறவர்கள் அவர்கள்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், சஷ்டிக்குத் திருச்செந்தூர், லீவு விட்டால் கன்னியாகுமரி என்று நாமும் போய்க்கொண்டுதானே இருக்கிறோம்?

அதே நாளில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். கேளுங்கள்.

முதலாவது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே சுனாமிச் செய்தியைக் கேட்டதும் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். ஊருக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். "எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க" என்றார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையம் இருந்தது. அங்கே ஒலிபெருக்கியும் இருந்தது. ஊர்க்காரர்கள் ஓடிப்போய் அதில் அறிவித்தார்கள். 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஆனால் ஊரில் இருந்த மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது? அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. சுனாமிக்காக வைத்தது அல்ல. 1990களின் கடைசியிலேயே அந்த நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களைத் தொடங்கியது. பல மையங்களை உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணக்கை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். கடல் அறிவியலை இணையத்தில் எடுத்துக் கிராமத்துக்குச் சொல்லும் வேலையை அப்போதே நம் பெண்கள் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தாய்லாந்து நாட்டில் மாய் காவ் கடற்கரை. இங்கிலாந்திலிருந்து பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு வித்தியாசமாக இருப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர் சுனாமி பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். "சுனாமி வருது" என்று அவள் கத்தினாள். பெற்றோர் அவள் பேச்சைத் தள்ளிவிடாமல் காவலரிடம் சொன்னார்கள். கடற்கரையில் இருந்த சுமார் 100 பேர் வெளியேறித் தப்பினார்கள்.

ஒரு பாடம், ஒரு பெண்பிள்ளை, அவள் சொன்னதைக் கேட்ட ஒரு அம்மா அப்பா. அவ்வளவுதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற இந்தியத் தேசிய கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. ஆழ்கடலின் தரையில் வைத்த கருவிகள் மேலே உள்ள நீரின் அழுத்தம் மாறுவதை அளந்து சொல்கின்றன. நிலநடுக்கம் வந்து பத்து நிமிட அளவில் முதல் அறிவிப்பு வெளியே வந்துவிடும். ஆனாலும் கடற்கரையில் நிற்கும்போது நம் கண்ணும் காதும்தான் முதல் எச்சரிக்கை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்:

• கடற்கரையில் நிலம் பலமாக ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ நிற்காதீர்கள். மேட்டுக்கோ, உறுதியான கட்டிடத்தின் மேல் மாடிக்கோ போய்விடுங்கள்.

• உள்வாங்கிய கடலில் மீனும் சிப்பியும் பொறுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

• எல்லாச் சுனாமிக்கும் முன்னால் கடல் உள்வாங்கும் என்று சொல்ல முடியாது. உள்வாங்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

• ஒரு அலையோடு முடியாது. முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். அரசு அறிவிக்கும் வரை திரும்ப வேண்டாம்.

ஆழ்கடல் என்றால் எவ்வளவு ஆழம்?

இப்போது அந்தப் பெண்பிள்ளை போனில் பார்த்த இடத்துக்கு வருவோம்.

நாம் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போடுவது கடலின் ஓரம். அங்கிருந்து நடுக்கடலுக்குப் போகப் போக ஆழம் கூடும். உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கிவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே கன்னங்கரேல் இருட்டு. சூரியன் எட்டியே பார்ப்பதில்லை. அடியில் தண்ணீர் ஃப்ரிட்ஜ் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருக்கும்.

6,000 மீட்டர் என்றால் எவ்வளவு? மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். அப்படி 115 கோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கொடைக்கானல் மலையைப் போல மூன்று மலையை அடுக்கினாலும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

அங்கே இறங்குவதில் பெரிய கஷ்டம் இருட்டு இல்லை, பாரம். கிணற்றில் முங்கும்போது காது அடைக்கிறதே, அது மேலே உள்ள தண்ணீரின் பாரம். பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ பாரம் கூடும். 6,000 மீட்டரில் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் சுமார் 600 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டை ஒரு நகத்தின் மேல் வைத்தது போல. சாதாரணப் பெட்டி என்றால் அப்பளமாக நொறுங்கிவிடும்.

நம் நாடு இதற்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. 1993இல் தொடங்கிய தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. 2010இல் இவர்கள் ஆள் இல்லாத ஒரு கருவியை இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை இறக்கினார்கள். 2021இல் மத்திய அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் ஒரு பகுதிதான் 'சமுத்ரயான்'. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போவதற்கான 'மத்ஸ்யா 6000' என்ற வாகனம் இதில் உருவாகிறது. ஆட்கள் உட்காருவதற்கு டைட்டானியம் என்ற உலோகத்தில் 2.1 மீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் கனம் கொண்ட உருண்டை. ஏன் உருண்டை? முட்டையை உள்ளங்கையில் வைத்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திப் பாருங்கள், லேசில் உடையாது. அதே காரணம்தான். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இந்த வாகனத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டவர் இருவர் பிரான்ஸ் நாட்டு வாகனத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கிப் பழகினார்கள். விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர் வரையும், முன்னாள் கடற்படை அதிகாரி ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர் வரையும் போய் வந்தார்கள்.

அங்கே போய் என்ன எடுக்க? கடல் தரையில் உருளைக்கிழங்கு மாதிரி கருப்புக் கட்டிகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் அதில் உண்டு. பேட்டரி செய்ய இவை வேண்டும். இந்தியப் பெருங்கடலின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆராய நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டி சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அதை வாரினால் அங்கே வாழும் உயிர்கள் என்ன ஆகும் என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. ஆற்று மணலை அள்ளியபின் கிணறு வற்றியதைப் பார்த்தவர்கள் நாம். இந்தக் கேள்வியை நம்மைவிட நன்றாக யார் கேட்க முடியும்? ஆனால் கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆழத்துக் குளிரில் குடிதண்ணீர்

ஆழ்கடல் படிப்பால் பெண்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால் லட்சத்தீவைக் காட்டலாம். நாலு பக்கமும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை. 2005இல் அங்கே கவரத்தி தீவில் நம் சென்னைக் கழகம் ஒரு நிலையம் அமைத்தது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் தரக்கூடியது. இந்த வேலையில் முன்னின்றவர் பூர்ணிமா ஜலிஹால் என்ற பெண் விஞ்ஞானி.

எப்படிச் செய்கிறார்கள்? நம் அடுப்படியிலேயே விளக்கம் இருக்கிறது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சோறு வேக நேரமாகும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால்? ஒரு பெரிய தொட்டியில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், மேல்கடலின் வெதுவெதுப்பான தண்ணீரே அடுப்பில்லாமல் ஆவியாகும். அந்த ஆவி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து கொண்டு வந்த குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களில் பட்டு நல்ல தண்ணீராகச் சொட்டும். இட்லிக் கொப்பரை மூடியில் தண்ணீர் கோக்கிறதே, அதேதான். உப்பு கீழே தங்கிவிடும்.

பொம்பளைப் பேச்சு என்றார்கள்

இது ஆம்பளைங்க படிப்பு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெண்களைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மேரி தார்ப் என்று ஒருவர். அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஆண்கள் கடலில் அளந்து வந்த ஆழக் கணக்கை வைத்து, ஆபீசில் உட்கார்ந்தபடியே கடல் தரையை வரைந்தார். அட்லாண்டிக் கடல் நடுவே நீண்ட மலைத்தொடரும் அதன் உச்சியில் ஒரு பிளவும் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பூமியே அங்கே விலகுகிறது என்பதற்கு அது சாட்சி. கூட வேலை பார்த்தவரே முதலில் அதைப் பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. 1968இல்தான் அவருக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. 1977இல் உலகக் கடல் தரை முழுவதற்கும் வரைபடம் வெளிவந்தது.

இன்னொருவர் கேத்தி சல்லிவன். 1984இல் விண்வெளியில் நடந்தவர். 2020 ஜூனில், தம் 68 வயதில், உலகின் ஆழமான இடமான பசிபிக் கடலின் மரியானா பள்ளத்தில் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழே இறங்கினார். அங்கே போன முதல் பெண் அவர்தான். நம் குழுவில் அந்த வயதுப் பாட்டிகள் இருக்கிறார்கள். இனி "வயசாயிருச்சு" என்று சொல்லும் முன்னால் யோசியுங்கள்!

செல்போனில் எப்படிப் படிப்பது?

எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் பார்க்கலாம். வழிகளைச் சொல்கிறோம்.

1. பேசித் தேடுங்கள். யூடியூபில் மைக் படத்தைத் தொட்டு "ஆழ்கடல்", "சமுத்ரயான்", "சுனாமி எப்படி வருகிறது" என்று தமிழில் சொன்னால் போதும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டா மிச்சமாகும்.

2. பள்ளிப் பாடம். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. பெருங்கடல், அலை, பருவமழை எல்லாம் நம் பிள்ளைகளின் புவியியல் பாடத்திலேயே உண்டு. பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள்.

3. நேரலை. சில ஆராய்ச்சிக் கப்பல்கள் ஆழ்கடலில் கேமராவை இறக்கி, அது பார்ப்பதை அப்படியே உலகத்துக்குக் காட்டுகின்றன. அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' கப்பல் அப்படி ஒன்று. பார்ப்பவர்கள் கேள்வியும் அனுப்பலாம். 2025இல் அர்ஜென்டினா நாட்டு விஞ்ஞானிகள் ஷ்மிட் கடல் நிறுவனத்தின் கப்பலில் போய், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஆழம் வரை காட்டினார்கள். அந்த நாட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் வீட்டிலிருந்தபடி நாள்கணக்கில் பார்த்தார்கள். குண்டு நட்சத்திர மீன் ஒன்று நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. காரணம் என்ன? அவர்கள் நாட்டு விஞ்ஞானிகளே அவர்கள் பேசும் மொழியில் விளக்கினார்கள். நம் தமிழிலும் அப்படி வர வேண்டும். அதைச் செய்யப் போகிறவள் மேலூர்ப் பக்கத்துப் பெண்ணாகவும் இருக்கலாம்.

4. ஆங்கிலம் புரியவில்லையா? யூடியூபில் பல படங்களுக்கு அமைப்புகளில் போய் எழுத்து வரியைத் தமிழுக்கு மாற்றலாம். இயந்திர மொழிபெயர்ப்பு என்பதால் தப்பும் தவறுமாக வரும். விஷயம் பிடிபடும்.

5. கல்லூரிப் பிள்ளைகளுக்கு. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 முதல் நடக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைப் பணம் கட்டாமல் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்குவதற்குத்தான் கட்டணம். பட்டம் முடித்தவர்களுக்கு ஐதராபாத் இன்காய்ஸ் மையமும், யுனெஸ்கோவின் 'ஓஷன் டீச்சர்' தளமும் கடல் அறிவியல் பயிற்சி தருகின்றன.

6. வீட்டில் நல்ல போன் இல்லையா? மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். புத்தகமும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு.

ஏமாறக் கூடாது

கடன் கொடுக்கும் முன் ஆளை விசாரிக்கிறோம் அல்லவா? போனில் பார்ப்பதையும் அப்படி விசாரியுங்கள். கடலுக்கடியில் நாகலோகம், ராட்சதப் பாம்பு என்று படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரே பொய்ப் படத்தை வரைந்துவிடுகிறது. சொல்வது யார், எந்த நிறுவனம், எந்தத் தேதி என்று பாருங்கள். "நாளைக்குச் சுனாமி" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பரப்பாதீர்கள். நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல இன்றுவரை எந்த விஞ்ஞானிக்கும் வழி தெரியாது.

இலவசப் படிப்பு என்று சொல்லிப் பதிவுக் கட்டணமோ, ஓ.டி.பி. எண்ணோ கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மேலே படிக்க இடம் உண்டா?

உண்டு. போனில் பார்ப்பது ஆசையைத் தூண்டும். பட்டத்துக்குக் கல்லூரிதான் போக வேண்டும். பக்கத்திலேயே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பன்னிரண்டாவதில் அறிவியல் பாடம் எடுத்த பிள்ளைகள், எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதை அந்தந்தக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. குழுவில் கல்விக் கடன் கேட்கும்போது, இந்தப் படிப்பையும் மற்றப் படிப்பைப் போலவே மதித்துப் பேசுவோம்.

போன் யார் கையில்?

கடைசியாக மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பா கையில், இல்லையென்றால் அண்ணன் கையில். அவன் ராத்திரி முழுக்க விளையாடினால் "பையன் அப்படித்தான்" என்கிறோம். மகள் ஒரு மணி நேரம் பார்த்தால் "என்னத்தா பாக்குற" என்று பிடுங்குகிறோம். கேட்பதில் தப்பில்லை. என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்வது தாயின் கடமை. ஆனால் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் கெடாமல் நேரம் பேசி வையுங்கள். அதற்குமேல் தடுக்க வேண்டாம்.

மேலூர்ப் பக்கத்து அம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான்: உங்கள் மகள் பார்ப்பது படிப்புத்தான். எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை போனை அவளிடம் கொடுங்கள். பார்த்ததை மறுநாள் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தால் படிக்கிறாள் என்று அர்த்தம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊர்க் கண்மாய்க்கு வரும் மழை எந்தக் கடலிலிருந்து, எந்த மாதத்தில் வருகிறது?

2. கடற்கரையில் நிற்கும்போது என்ன அடையாளம் கண்டால் ஓட வேண்டும்? வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

3. நம் குழுவில் எத்தனை வீட்டில் பெண்பிள்ளைக்குப் போனில் படிக்க நேரம் கொடுக்கிறோம்?

4. கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒரு போனை நடுவில் வைத்து, ஆழ்கடல் படம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா? விளக்கிச் சொல்ல உறுப்பினரின் மகள் ஒருத்தியைக் கூப்பிடுங்கள்.

பார்த்துவிட்டு உங்கள் குழுவில் எழுந்த கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். சேர்ந்து பதில் தேடுவோம். சேமிக்கக் கற்றோம், கையெழுத்துப் போடக் கற்றோம், பேங்க் மேனேஜரிடம் பேசக் கற்றோம். கடலையும் கற்போம்.